பக்கத்தில் நிற்க ஓர் ஆள்

எழுதிப் பழக்கமில்லாத கை இது. பத்தாம் வகுப்புக்குப் பிறகு நான் அதிகபட்சம் எழுதியது லீவு லெட்டர்தான். ஒரு மனிதரைப் பற்றி நாலு பேர் படிக்கும்படி எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. அவருக்கு நான் சொந்தம் இல்லை. அவரை முழுதாகத் தெரிந்தவளும் இல்லை. சில வருஷங்கள் அவருக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன், அவ்வளவுதான். இது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தி.நகரில் ஒரு பெரிய துணிக்கடையின் அடித்தளத்தில் எனக்கு வேலை. டெலிவரி கவுண்டர். மேலே எந்த மாடியில் துணி எடுத்தாலும் பை உடனே வாடிக்கையாளர் கைக்குப் போகாது. பில் போட்டதும் பையை ஒரு பிளாஸ்டிக் தட்டில் வைத்து கன்வேயரில் விட்டுவிடுவார்கள். அது சுவருக்குப் பின்னால் சுற்றிச் சுற்றி இறங்கி எங்களிடம் வந்து சேரும். பட்டுப்புடவைக்கு ஒரு வரிசை, குழந்தைகள் துணிக்கு ஒரு வரிசை, ஆண்கள் துணிக்கு ஒரு வரிசை. கீழே ஓர் இரும்புக் கை ஒவ்வொரு தட்டையும் அதனதன் வரிசைக்குத் தள்ளிவிடும். எந்தத் தட்டு எந்த மாடியிலிருந்து வருகிறது என்று அந்தக் கைக்கு எப்படித் தெரிகிறது என்று நான் வெகுநாள் யோசித்ததே இல்லை.

கவுண்டருக்குப் பின்னால் இரும்புக் கதவு போட்ட சிறிய அறை ஒன்று உண்டு. கன்வேயரை நடத்துகிற பேனல் அங்கேதான் இருந்தது. அதைப் பார்க்க வருகிறவர்தான் நான் சொல்ல வந்த மனிதர். கிண்டியில் ஒரு கம்பெனி அனுப்பும் ஆள். ஐம்பதைத் தாண்டியவர். கறுத்து, ஒடிசலாக, எப்போதும் முழுக்கைச் சட்டை போட்டிருப்பார். கடையில் எல்லோரும் அவரைப் பேனல்காரர் என்பார்கள். யாரும் பெயர் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு யாரிடமும் எதையும் கேட்க வராது.

அவர் கடை திறப்பதற்கு முன்னால் வந்துவிடுவார். நாங்கள் கவுண்டரைத் துடைத்துக்கொண்டிருப்போம். முதல் தடவை அவர் வந்தபோது அந்த அறைக்குள் போனவர் உடனே வெளியே வந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"ஒருத்தர் வந்து பக்கத்துல நிக்க முடியுமா? ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா நின்னா போதும்."

மற்றவர்கள் சிரித்துக்கொண்டு என்னைத் தள்ளிவிட்டார்கள். எதிர்த்துப் பேசாதவளைத்தானே தள்ளிவிட முடியும்.

உள்ளே அவர் தரையில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டிருந்தார். "இங்க நில்லுமா. கிட்டயும் வராத, தூரமும் போகாத. அதோ அந்த செகப்பு கைப்பிடி கீது பாரு, அதுதான் மெயினு. நான் எதுனா ஒரு மாதிரி ஆனா என்னைத் தொடாத. அத மட்டும் கீழ இழு."

"ஒரு மாதிரின்னா?"

"அது உனுக்கே தெரியும்."

அதன் பிறகு அவர் பேனலைத் திறந்து, நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினார். வேலை முடியும்வரை என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் நான் கால் மாற்றி நின்றால்கூட அவருக்குத் தெரிந்தது. "கால் வலிக்குதா? முடிஞ்சுது, முடிஞ்சுது" என்பார். எங்களுக்கு அப்போது ஸ்டூல் கிடையாது. கடைகளில் உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்தது பிறகுதான். நிற்பது எனக்குப் பழகிய வேலை.

பேனலுக்குள் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னப் பெட்டிகள் வரிசையாக இருக்கும். அவற்றை மாட்யூல் என்றார். ஒவ்வொரு மாடிக்கும் இதில் ஒன்று உண்டாம். அந்த மாடியில் தட்டு ஏறியதும் அதற்குரிய மாட்யூல் ஓரத்தில் இருக்கும் பெரிய மாட்யூலுக்குச் சேதி சொல்லும். பெரியது இரும்புக் கைக்குச் சொல்லும். துணிக்கடை என்பதால் பஞ்சுத் தூசி எங்கும் நுழைந்துவிடும். மழைக்காலத்தில் அடித்தளச் சுவர் வேறு வியர்க்கும். அதனால் மாதம் தவறினாலும் மாட்யூல் ஒன்று போவது தவறாது.

மாற்றுவது பார்க்க எளிதாகத்தான் இருக்கும். பழையதைக் கழற்றி, அதே இடத்தில் புதியதை 'டக்' என்று மாட்டுவார். ஆனால் மாட்டுவதற்கு முன்னால் அதன் பக்கவாட்டில் இருக்கும் பொத்தான் அளவு சக்கரத்தைச் சின்ன ஸ்குரூடிரைவரால் திருப்பி ஓர் எண்ணில் வைக்க வேண்டும். பழையதற்கு என்ன எண்ணோ அதே எண். வீட்டுக் கதவில் நம்பர் போடுகிற மாதிரி. எண் மாறினால் பெரியதற்கு அது யாரென்று தெரியாது. இரண்டுக்கு ஒரே எண் வைத்துவிட்டால் இரண்டும் ஊமையாகிவிடும்.

அந்த எண்ணை அவர் சத்தமாகச் சொல்லுவார். நின்றுகொண்டிருக்கும் ஆள் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"மூணு."

"மூணு."

"கேக்கல."

"மூணு!"

வீட்டில் அம்மாவிடம்கூட நான் அப்படிச் சத்தமாகப் பேசியதில்லை. முதல் தடவை என் குரலைக் கேட்டு எனக்கே கூச்சமாக இருந்தது. வெளியே மல்லிகா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது. மல்லிகா என் பக்கத்துக் கவுண்டர். அவரோ சிரிக்கவில்லை. "ஒருத்தர் சொன்னா அது நெனப்புமா. ரெண்டு பேர் சொன்னாத்தான் நம்பரு" என்றார்.

கடை எலக்ட்ரீஷியனுக்கு அவரைக் கண்டால் இளக்காரம். ஒரு நாள் கதவருகே வந்து நின்றுகொண்டு, "இன்னா தலைவா, மாட்யூல்ல வர்றது இருபத்தி நாலு வோல்ட்டு. எறும்பு கடிச்ச மாதிரி கூட இருக்காது. இதுக்கு ஒரு ஆள் காவலா?" என்றார்.

"கரெண்ட்டுக்கு இல்ல நைனா. எனக்கு."

"பேய் கீய் வருதா?"

"வந்தா அதையாவது நிக்கச் சொல்லுவேன். இவங்களுக்குக் கால் வலி மிச்சம்."

எலக்ட்ரீஷியன் சிரித்துக்கொண்டே போய்விட்டார். பேனல்காரர் கொஞ்ச நேரம் ஸ்குரூடிரைவரைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்தார். பிறகு பேனலைப் பார்த்தபடியே சொன்னார். ஐ.டி.ஐ. முடித்த புதிதில் அம்பத்தூரில் ஒரு ஃபேக்டரியில் தனியாக வேலை செய்தபோது கரெண்ட் அவரைப் பிடித்துக்கொண்டதாம். "கரெண்ட் புடிச்சா கத்த முடியாதுமா. வாய் தொறக்கும், சத்தம் வராது. டீ குடுக்க வந்தவன் பாத்துதான் மெயின ஆஃப் பண்ணான். எவ்ளோ நேரம் புடிச்சுக்கினு இருந்துதுன்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது." அதற்குப் பிறகு கம்பெனிகளில் இரண்டு இரண்டு பேராக அனுப்பினார்களாம். பிறகு செலவைப் பார்த்து ஒருவராக்கிவிட்டார்கள். அதிலிருந்து போகிற இடமெல்லாம் நிற்க ஓர் ஆளைத் தேடுவது அவருக்கு வழக்கமாகிவிட்டது. ஒரு மருந்துக் கம்பெனியில் வாட்ச்மேன், அடையாறில் ஒரு ஹோட்டல் லிஃப்ட் அறையில் அந்த ஹோட்டலில் சட்டி கழுவுகிற அம்மா, எங்கள் கடையில் நான்.

அவர் வந்தால் மல்லிகா ராகம் போட்டுக் கூப்பிடுவாள். "ஏய், உன் பேனல்காரரு வந்துட்டாரு. போ, போய் நில்லு. இல்லன்னா பல்பு எரியாது."

"சும்மா இருடி."

"நான் சும்மாத்தான் கீறேன். நீதான் தலை சீவிக்கினு வந்துக்கிற இன்னிக்கு."

அவள் எப்போதும் எல்லோரையும் கேலி செய்வாள். நான் பதில் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் வருகிற நாளை எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது உண்மைதான். கன்வேயர் திக்கித் திக்கி ஓடினால் நாளைக்கு அவர் வருவார் என்று அர்த்தம். ஒரு நாள் முழுவதும் நான் பேசுகிற வார்த்தைகளைவிட அந்த அறையில் நான் சொல்லும் எண்கள் அதிகம்.

என் அம்மா இறந்த வருஷம் நான் இரண்டு வாரம் கடைக்கு வரவில்லை. அசோக் நகரில் எங்களுக்கு ஓர் அறையும் சமையலறையும் உள்ள வீடு. அம்மாவும் நானும்தான். காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் போன பிறகு வீட்டில் பாத்திரம் வைக்கிற சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது.

திரும்பிப் போனபோது மல்லிகாதான் கதையைச் சொன்னாள். இடையில் ஒரு தடவை பேனல்காரர் வந்தாராம். முதலில் வாட்ச்மேனை நிற்க வைத்தாராம். அவர் போனில் பேசிக்கொண்டிருந்ததால் வெளியே அனுப்பிவிட்டாராம். பிறகு எலக்ட்ரீஷியன். "அவன் நம்பரை வுட்டுட்டு சினிமா கத சொன்னான். அவனையும் தொரத்திட்டாரு. கடைசில என்னை இட்டுக்கினு போய் கட்டத்துல நிறுத்தினாரு. நாலுன்னாரு. நாலுன்னேன். இன்னொரு வாட்டின்னாரு. யோவ், நாலுன்னா நாலுதான்யா, எத்தினி வாட்டி சொன்னாலும் அஞ்சாவா ஆவும்னேன். மூஞ்சி தொங்கிப்போச்சு மனுஷனுக்கு. நீ எப்டிடி அந்தாளோட நிக்கற?"

அன்று மாலையே அவர் வந்தார். கன்வேயர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். "சும்மா ஒரு தபா பாத்துட்டுப் போலாம்னு" என்று எங்கள் கவுண்டர் இன்சார்ஜிடம் சொன்னார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். போய்க் கட்டத்தில் நின்றேன். பேனலைத் திறந்தவர் எதையும் கழற்றவில்லை. முதல் மாட்யூலில் விரலை வைத்து, "ஒண்ணு" என்றார்.

"ஒண்ணு."

"ரெண்டு."

"ரெண்டு."

இப்படி வரிசை முடியும்வரை. நடுவில் ஓரிடத்தில் என் குரல் உடைந்தது. அவர் காத்திருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னதும் அடுத்த எண்ணுக்குப் போனார். முடிந்ததும் பேனலைச் சாத்திவிட்டு, "எல்லாம் சரியாத்தான் கீது" என்று சொல்லிவிட்டுப் போனார். என் அம்மாவுக்காக வந்தவர்களில் எத்தனையோ பேர் என்னென்னவோ சொன்னார்கள். ஒன்றும் ஞாபகமில்லை.

அந்த மழைக்காலத்தில்தான் அவர் செய்த ஒரே தவறு நடந்தது. சுவரில் தண்ணீர் கசிந்து இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் உரிய இரண்டு மாட்யூல்களும் ஒரே நாளில் போய்விட்டன. புதியவை இரண்டையும் மேசைமேல் வைத்து எண் வைத்துக்கொண்டிருந்தார். அப்போது, "அம்மாவுக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டார். அதுவரை யாரும் அப்படி நேராகக் கேட்கவில்லை. நான் சொல்ல ஆரம்பித்தேன். சர்க்கரை, காலில் புண், ஆஸ்பத்திரி, கடைசி நாளில் அம்மா இட்லி கேட்டது, நான் வாங்கி வருவதற்குள் தூங்கிப்போனது எல்லாவற்றையும் சொன்னேன். நிறுத்தத் தெரியவில்லை. அவர் "ம்", "ம்" என்றபடி கேட்டுக்கொண்டே இரண்டையும் மாட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. போய்விட்டார். அன்று அவர் எண்ணைச் சத்தமாகச் சொல்லவும் இல்லை, நான் திருப்பிச் சொல்லவும் இல்லை என்பது இருவருக்குமே உறைக்கவில்லை.

இரண்டும் இடம் மாறியிருந்தன. கடை திறந்ததும் மூன்றாம் மாடிப் பட்டுப்புடவைத் தட்டுகள் எல்லாம் குழந்தைகள் வரிசைக்குப் போயின. கவுன்களும் நிஜார்களும் பட்டு வரிசையில் வந்து குவிந்தன. முகூர்த்தப் புடவைக்காகக் காத்திருந்த ஓர் அம்மாளுக்கு அவசரத்தில் யாரோ ஒரு பையை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். ரங்கநாதன் தெரு முனைவரை போனவர் பையைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடி வந்தார்.

"ஏம்மா, கல்யாணப் பொண்ணு இதையா கட்டிக்கும்?" என்று ஸ்கூல் டவுசரை எடுத்து எங்கள் முன்னால் உதறினார்.

மல்லிகா, "மாப்ளைக்கு ஆவுமா பாருங்கம்மா" என்றாள். இன்சார்ஜ் அவளை முறைத்தார்.

பேனல்காரரை வழியிலிருந்தே திரும்ப அழைத்தார்கள். வேர்த்து விறுவிறுத்து வந்தார். இன்சார்ஜ் எல்லோர் முன்னாலும் கத்தினார்.  "என் தப்புதான் சார். பேச்சு கேட்டுக்கினே வெச்சுட்டேன்" என்று மட்டும் பேனல்காரர் சொன்னார். யார் பேச்சு என்று சொல்லவில்லை. உள்ளே போய் இரண்டையும் மாற்றி வைத்தபோது எண்ணை வழக்கத்தைவிடச் சத்தமாகச் சொன்னார். நானும் சொன்னேன். வெளியே போகும்போது, "இருந்தாலும் இட்லி வாங்கப் போனியே, அதுதாம்மா பெருசு" என்றார்.

அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இப்படி இடையிடையே விழுந்ததுதான். பட்டினப்பாக்கத்தில் கடலைப் பார்த்த குடியிருப்பில் ஒரு வீடு. அப்பாவும் சித்தப்பாக்களும் கடலுக்குப் போனவர்கள். இவருக்கு அலை ஒத்துக்கொள்ளவில்லையாம். வாந்தி எடுப்பாராம். "மீனவன் வூட்ல பொறந்து கரண்ட்டு வேலைக்கு வந்தவன் நான் ஒருத்தன்தான். எங்காளுங்க இன்னும் சிரிக்கிறானுங்க." அண்ணன் குடும்பம் ஊருக்கு வெளியே அரசாங்கம் கட்டிக்கொடுத்த அடுக்கு வீடுகளுக்குப் போய்விட்டது. ஒரு நாள் அவராகவே, "கல்யாணம் ஒரு தபா ஆச்சு. நிக்கல" என்றார். நான் மேலே கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

பிறகு கடை முதலாளிகள் கன்வேயரைப் புதுப்பித்தார்கள். பேனலும் மாறியது. கம்பெனியிலிருந்து ஓர் இன்ஜினியர் லேப்டாப்போடு வந்து புரோகிராமை ஏற்றிவிட்டுப் போனார். மாட்யூல்களை மாட்டி, ஒயர் கொடுத்து, ஓட்டிப் பார்த்து முடித்தது எல்லாம் இவர்தான். ஒரு வாரம் தினமும் காலையில் வந்தார். நானும் தினமும் நின்றேன். ஆனால் அந்த வாரத்தில் நான் ஓர் எண்கூடச் சொல்லவில்லை. புதிய மாட்யூல்களில் சக்கரமே இல்லை.

கடைசி நாள் எனக்குக் காட்டுவதற்காக ஒன்றைக் கழற்றினார். சிவப்பு விளக்கு எரிந்தது. பெட்டியிலிருந்து இன்னொன்றைப் பிரித்து அந்த இடத்தில் மாட்டினார். எதையும் திருப்பவில்லை. கைகட்டி நின்றார். அது கொஞ்ச நேரம் கண் சிமிட்டியது.

"இப்ப இன்னா பண்ணுது தெரியுமா? பக்கத்துல இந்தாண்ட ஒண்ணு, அந்தாண்ட ஒண்ணு கீது இல்ல? அதுங்களுக்குத் தெரியும், நடுவுல யாரு இருந்தாங்கன்னு. பெரியவரு, அதான் அந்த பெரிய மாட்யூலு, அதுங்களைப் பாத்துட்டு, அப்ப நீ இன்னாரு, இந்தா உன் பேருன்னு இதுக்குக் குடுப்பாரு."

விளக்கு பச்சையாயிற்று.

"முடிஞ்சுது. இனிமே உங்க எலக்ட்ரீஷியனே மாத்திடலாம். ஒரு சின்னப் புள்ள கூட மாத்தலாம்."

"அப்ப நீங்க?" என்று கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"எனக்கு இன்னா? வேற எடத்துல பழசு எவ்ளோ கீது." ஸ்குரூடிரைவர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பையில் வைத்தார். எங்கள் கடைக்கு அவர் வந்தது அதுதான் கடைசி.

பையை மூடியவர் போகாமல் நின்றார். பேனலின் கதவைத் திறந்தார், சாத்தினார். பிறகு ஏதோ ஊர்க்கதை சொல்வதுபோலச் சொன்னார். கொஞ்ச நாளாக மாடி ஏறினால் நெஞ்சை அடைக்கிறதாம். மயிலாப்பூர் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் காட்டினாராம். குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார்களாம். "ரெண்டு தபா போய்ட்டுத் திரும்பி வந்துட்டேன். கூட ஒரு ஆள் இல்லாம செய்ய மாட்டாங்களாம். அண்ணன் புள்ளைக்குப் போன் போட்டா, டூட்டி சித்தப்பா, அடுத்த வாரம்ன்றான். அவன் அடுத்த வாரம் வர்றதுக்குள்ள ஆடியே முடிஞ்சிரும். டாக்டரு லேட் பண்ணாதன்றாரு. சிரிப்புதான் வருது போ."

அவர் சிரிக்கவில்லை. என்னைக் கேட்கவும் இல்லை. யாரிடமும் எளிதாகப் போய் "நிக்க முடியுமா" என்று கேட்கிற மனிதர், அதை மட்டும் கேட்கவில்லை. நான் வாயைத் திறந்தேன். முதலில் சத்தம் வரவில்லை. பிறகு, "என்னிக்கு வரச் சொன்னாங்க?" என்றேன்.

ஆடித் தள்ளுபடி தொடங்குவதற்கு முந்தின நாள். அன்று லீவு கேட்பது, முகூர்த்த நேரத்தில் மணமேடையை விட்டு எழுந்து போவது மாதிரி. இன்சார்ஜ் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீயா லீவு கேக்குற? யாருக்கு உடம்பு?"

"தெரிஞ்சவங்களுக்கு சார்."

"தெரிஞ்சவங்களுக்கு அவங்க சொந்தக்காரங்க இல்லையா?"

மல்லிகா குறுக்கே வந்தாள். "வுடு சார். நான் ரெண்டு கவுண்டரும் பாத்துக்கறேன். இத்தினி வருஷத்துல அவ வாயைத் தொறந்து கேட்டதே இதான்." அவள் அன்று என்னைக் கேலி செய்யவில்லை. டிபன் பாக்ஸில் இருந்த வாழைப்பழத்தை எடுத்து என் பையில் போட்டாள்.

காலையில் ஆஸ்பத்திரி வாசலில் அவர் எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தார். துவைத்து இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. உள்ளே போனதும் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பச்சை அங்கி கொடுத்தார்கள். அதில் அவர் பாதி ஆளாகிவிட்டார். முன்கையில் ஒரு பழைய தீத்தழும்பு இருந்தது. முழுக்கைச் சட்டைக்கு அப்போதுதான் காரணம் தெரிந்தது.

நர்ஸ் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவர் பெயரை நான் முதலில் கேட்டது அங்கேதான். நல்ல பெயர். அதை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை.

"கட்டில் பதினாலு" என்றார் நர்ஸ்.

"பதினாலு" என்றார் அவர், பழக்கத்தில்.

"பதினாலு" என்றேன் நான்.

நர்ஸ் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "காது நல்லாத்தானே இருக்கு ரெண்டு பேருக்கும்? சரி, பேஷண்ட்டு கூட யாரு, நீங்களா?"

"ஆமாம்."

"என்ன வேணும் அவருக்கு? கையெழுத்துப் போடணும். சொந்தக்காரங்கதான் போடணும்."

அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். பேனல் அறையில் எத்தனையோ நாள் நின்றிருக்கிறேன், அவர் பார்வை எப்போதும் பேனல்மேல்தான் இருக்கும். அன்றுதான் அப்படி நேராகப் பார்த்தார். நான் சொல்லப்போவதற்காகக் காத்திருந்தார். பக்கத்துக் கட்டில்காரர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பதுபோல எனக்கு இருந்தது. முகமெல்லாம் சூடாயிற்று.

"தங்கச்சி" என்றேன்.

நர்ஸ் என் நெற்றிப் பொட்டைப் பார்த்தார். கையிலிருந்த காகிதத்தில் அவர் பெயரைப் பார்த்தார். "அவரு கிறிஸ்டியன். நீங்க பொட்டு வச்சிருக்கீங்க?"

பதில் சொல்ல வேண்டியது அவர்தான். அங்கியை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "எங்க வூட்ல ரெண்டும் உண்டு சிஸ்டர். ஆமா, தங்கச்சிதான்" என்றார்.

நான் கையெழுத்துப் போட்டேன். அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவுக்கு வெளியே ஒரு பெஞ்சு இருந்தது. எனக்கு உட்காரத் தோன்றவில்லை. அந்தக் கதவிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்றேன். பக்கத்தில் ஒரு பெரியவர், "எவ்வளவு நேரம்மா நிப்ப, குந்து" என்றார். தலையை மட்டும் ஆட்டினேன்.

வெளியே வந்த டாக்டர் ஓர் இடத்தில் அடைப்பு இருக்கிறது, இப்போதைக்கு மருந்திலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார். "நேரத்துக்கு மாத்திரை போடுறாரான்னு வீட்டுல பாத்துக்கங்க" என்றார். சரி என்றேன்.

சாயங்காலம் அவருக்குப் பேச்சு வந்தது. கஞ்சி குடித்துவிட்டுத் தலையணையில் சாய்ந்திருந்தார். பெண்கள் ஆண்கள் வார்டில் இரவு தங்கக் கூடாது. நான் கிளம்ப வேண்டிய நேரம். எதிர்க்கட்டில்காரரின் மகன் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"ஏம்மா தங்கச்சின்னு சொன்ன?" என்றார்.

"வேற என்ன சொல்றது?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். அங்கே பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான் இருந்தது.  நானும் பையைத் தோளில் மாட்டாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வேறு ஏதாவது சொல்லலாம் என்று இருந்தது. 

"அதுவும் சரிதான்" என்றார்.

மறுநாள் மதியத்துக்கு முன் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆட்டோவில் பட்டினப்பாக்கம் வரை கொண்டுபோய் விட்டேன்.  மாத்திரைப் பையை வாங்கிக்கொண்டு இறங்கியவர், "வரேன் தங்கச்சி" என்றார். அதே ஆட்டோவில் நான் தி.நகர் வந்தேன். ஆடித் தள்ளுபடி தொடங்கியிருந்தது. கூட்டத்தில் பாண்டி பஜார் முனைக்கு மேல் ஆட்டோ போகவில்லை. இறங்கி நடந்து கடைக்குப் போனேன்.